மலைக் குளிரில் டீசல் பிக்கப் ஸ்டார்ட் ஆகவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசம்பர், ஜனவரியில் ஊட்டிக்கு அருகே தலைக்குந்தா பக்கம் புல்வெளி வெள்ளையாக உறைந்து கிடக்கும். அந்த நேரத்தில்தான் கேரட் மூட்டை ஏற்றிய பிக்கப் மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கிளம்ப வேண்டியிருக்கும். அன்றைக்குப் பார்த்து வண்டி பிடிக்காவிட்டால் ஏலம் முடிந்த பிறகு போய் நிற்க வேண்டியதுதான். நீலகிரியில் பிக்கப் ஓட்டுகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், வண்டிக்கு அடியில் படுத்து நான் கற்றுக்கொண்ட பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். கொடைக்கானல், வால்பாறை, மூணாறு பக்கம் ஓட்டுகிறவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

கேள்வி: மேட்டுப்பாளையத்தில் சாவியைத் தொட்டதும் ஸ்டார்ட் ஆகிற வண்டி, ஊட்டியில் மட்டும் ஏன் முரண்டு பிடிக்கிறது?

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. பிஸ்டன் காற்றை நெருக்கும்போது பிறக்கும் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். அந்தச் சூட்டை மலையில் மூன்று விஷயங்கள் ஒரே நேரத்தில் குறைக்கின்றன. இரவெல்லாம் குளிர்ந்த சிலிண்டர் சுவர் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. குளிரில் பேட்டரி சோர்ந்து, ஆயிலும் கெட்டியாகி, எஞ்சின் மெதுவாகச் சுற்றுகிறது. மெதுவாகச் சுற்றினால் பிஸ்டன் ரிங் வழியாகக் காற்று கசியவும் சூடு ஆறவும் அதிக நேரம் கிடைக்கிறது. மூன்றாவது, உயரம். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் மேலே இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். உள்ளே இழுக்கிற காற்றே குறைவு என்றால் நெருக்கத்திலும் சூடு குறையும்.

அதனால் கீழே ஓட்டும்போது வெளியே தெரியாத சின்னச் சின்னக் குறைகள் எல்லாம் மேலே வந்த முதல் குளிரிலேயே தெரிந்துவிடும். தேய்ந்த ஹீட்டர் பிளக் (ஸ்டார்ட் செய்யும் முன் சிலிண்டருக்குள் சூடேற்றும் பிளக்), அரைகுறைப் பேட்டரி, காற்று இழுக்கும் ஓஸ் என எதுவாகவும் இருக்கலாம்.

கேள்வி: வண்டி பிடிக்கவில்லை. முதலில் எதை மாற்றுவது?

எதையும் மாற்ற வேண்டாம். முதலில் பத்து விநாடி காது கொடுத்துக் கேளுங்கள், பின்னால் சைலன்சரைப் பாருங்கள். ஒருவர் சாவியைத் திருகட்டும், இன்னொருவர் டார்ச்சோடு சைலன்சர் பக்கம் நிற்கட்டும். பாதிப் பழுது அங்கேயே தெரிந்துவிடும்.

செல்ஃப் 'டக்' என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிட்டாலோ, இழுத்து இழுத்துச் சுற்றினாலோ, டீசல் பக்கமே போகாதீர்கள். பேட்டரி, டெர்மினல், எர்த் ஒயர், செல்ஃப் மோட்டார் இவற்றில்தான் கோளாறு.

செல்ஃப் வேகமாகச் சுற்றுகிறது, சைலன்சரில் கண்ணை எரிக்கிற வெள்ளைப் புகை வருகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால், டீசல் உள்ளே போகிறது, பற்றிக்கொள்ளத்தான் சூடு இல்லை. அந்த வெள்ளைப் புகை எரியாத டீசல் ஆவிதான். ஹீட்டர் பிளக், அப்புறம் காம்ப்ரஷன், அதாவது சிலிண்டரில் காற்று நெருங்கும் அழுத்தம், என்ற வரிசையில் பாருங்கள்.

செல்ஃப் வேகமாகச் சுற்றியும் துளிப் புகைகூட வரவில்லை என்றால் டீசலே போய்ச் சேரவில்லை. காற்று பிடித்திருக்கலாம், ஃபில்டர் அடைத்திருக்கலாம். பழைய பம்ப் வண்டியானால் ஸ்டாப் சோலனாய்டு (சாவி போட்டதும் டீசலுக்கு வழி திறக்கும் மின் வால்வு) திறக்காமல் இருக்கலாம். சாவி போட்டதும் பம்ப் பக்கம் 'டிக்' என்று மெல்லிய சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். காமன் ரயில் வண்டியானால், அதாவது 'ரயில்' என்ற உயர் அழுத்தக் குழாயிலிருந்து கம்ப்யூட்டர் கணக்குப் பார்த்து டீசல் விடுகிற புது வண்டியானால், எஞ்சின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார், ரயில் பிரஷர் பக்கம் போக வேண்டும்.

பிடித்த மாத்திரத்தில் இரண்டு விநாடியில் அணைந்துவிடுகிறதா? டேஷ்போர்டில் சாவிப் படம் போட்ட இமொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) விளக்கு மின்னுகிறதா பாருங்கள். மின்னவில்லை என்றால் அதுவும் காற்றுக் கோளாறாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கேள்வி: ஹீட்டர் பிளக் நன்றாக இருக்கிறதா என்று நானே பார்க்க முடியுமா?

முடியும். ஒரு டெஸ்ட் லாம்பும் பத்து நிமிடமும் போதும். சாவியை அணைத்துவிட்டு, பிளக்குகளின் தலையில் எல்லாவற்றையும் இணைக்கும் தகட்டையோ ஒயரையோ கழற்றுங்கள். இதைக் கழற்றாமல் சோதித்தால் ஒரு பிளக் நன்றாக இருந்தாலும் நான்கும் நன்றாக இருப்பதுபோல் காட்டும். பலர் ஏமாறுவது இங்கேதான். டெஸ்ட் லாம்பின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவில் மாட்டி, மறு முனையால் ஒவ்வொரு பிளக்கின் தலையையும் தொடுங்கள். விளக்கு எரிந்தால் உள்ளே கம்பி அறுந்துபோகவில்லை. எரியாவிட்டால் அந்தப் பிளக் போய்விட்டது.

மல்டிமீட்டர் இருந்தால் ஓம் பார்க்கலாம். நல்ல பிளக் ஏறக்குறைய அரை ஓம் முதல் இரண்டு ஓம் வரை காட்டும். நான்கில் ஒன்று மட்டும் மற்றவற்றிலிருந்து தனித்து நின்றால் அதைச் சந்தேகப்படுங்கள். நான்கும் நன்றாக இருந்தும் சூடாகவில்லை என்றால் பிளக்குக்கு மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். தகட்டைத் திரும்ப மாட்டி, இந்த முறை டெஸ்ட் லாம்பின் ஒரு முனையை எஞ்சின் இரும்பில் மாட்டி, சாவியை ஆன் செய்த உடனே மறு முனையைத் தகட்டில் வைத்தால் எரிய வேண்டும். எரியவில்லை என்றால் ரிலே, அல்லது பெரிய ஃபியூஸ். புதுப் பிளக் நான்கு வாங்கிப் போட்டு, ஃபியூஸ் போயிருந்ததைக் கவனிக்காமல் விட்ட வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. பிளக்கைக் கழற்றிப் பேட்டரியில் நேரடியாக வைத்து நுனி சிவக்கிறதா என்று பார்க்கிற வழக்கம் உண்டு. பழைய 12 வோல்ட் பிளக்குக்கு அது சரி. புதிய எஞ்சின்கள் பலவற்றில் 5 முதல் 7 வோல்ட்டுக்குச் செய்த பிளக் வருகிறது. அதில் 12 வோல்ட் கொடுத்தால் சில விநாடியில் எரிந்துவிடும். பிளக்கின் மேல் பொறித்திருக்கும் வோல்ட்டைப் படித்துவிட்டுத் தொடுங்கள். கழற்றும்போது எஞ்சின் கொஞ்சம் சூடாக இருப்பது நல்லது. பிடித்துக்கொண்ட பிளக்கைப் பலம் போட்டுத் திருகினால் எஞ்சின் ஹெட்டுக்குள்ளேயே முறியும், ஹெட்டை இறக்க வேண்டி வரும்.

டீசலை நேராகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் பழைய நேரடி ஊசி (டைரக்ட் இன்ஜெக்‌ஷன்) எஞ்சின்கள் சிலவற்றில் ஹீட்டர் பிளக்கே கிடையாது. உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டேஷ்போர்டில் ஹீட்டர் பிளக்கின் சுருள் விளக்கு அணைந்ததும் உடனே செல்ஃப் அடிக்கலாமா?

அடிக்கலாம். உறைபனிக் காலையில் மட்டும், விளக்கு அணைந்ததும் சாவியை ஆஃப் செய்து, மறுபடி ஆன் செய்து, இரண்டாம் முறை அணைந்த பிறகு அடியுங்கள். நல்ல பலன் இருக்கும். இதையே தினமும் நான்கைந்து முறை செய்தால்தான் பிடிக்கிறது என்றால் பிளக் தேய்ந்துவிட்டது என்று பொருள்.

அப்புறம், கிளட்சை முழுக்க மிதித்துக்கொண்டு அடியுங்கள். குளிரில் கியர் பாக்ஸ் ஆயில் தேனாக நிற்கும், அதையும் சேர்த்துச் சுற்றுகிற வேலை செல்ஃபுக்கு மிச்சம். ஒரு முறைக்கு 10 விநாடிக்கு மேல் அடிக்க வேண்டாம். நடுவில் அரை நிமிடமாவது விடுங்கள்.

கேள்வி: போன வருடம்தான் பேட்டரி மாற்றினேன். அதில் கோளாறு இருக்குமா?

இருக்கலாம். நல்ல லெட் ஆசிட் பேட்டரிகூட 0 டிகிரியில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு பலம்தான் காட்டும். இரவில் டேப் ரெக்கார்டர், கேபின் விளக்கு ஓடியிருந்தால் இன்னும் குறைவு.

காலையில் செல்ஃப் அடிக்கும் முன் மீட்டர் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே போனால் குளிரில் நம்ப முடியாது. அடுத்து, செல்ஃப் சுற்றும்போதே ஒருவர் மீட்டரைப் பார்க்கட்டும். 9.6க்குக் கீழே இறங்கினால் பேட்டரியோ செல்ஃபோ சரியில்லை. வண்டி ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்டாவிட்டால் டைனமோ சார்ஜ் செய்யவில்லை, புதுப் பேட்டரி வாங்கியும் பயன் இருக்காது.

பேட்டரியும் நன்றாக இருந்து செல்ஃப் மட்டும் இழுக்கிறது என்றால் எர்த் ஒயரைப் பாருங்கள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலும் மறு முனையை எஞ்சின் உடம்பிலும் வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டைத் தாண்டினால் அந்த ஒயரில் துருவோ தளர்ச்சியோ இருக்கிறது. உப்புத்தாளால் தேய்த்து, நட்டை முறுக்கி, மேலே கொஞ்சம் வாஸலின் தடவினால் போதும். மலையில் எப்போதும் ஈரம், எர்த் இணைப்பு பச்சை பூத்து நிற்பது சாதாரணம். செலவே இல்லாத வேலை என்பதால் யாரும் செய்வதில்லை, அதுதான் எனக்கு வருத்தம்.

கேள்வி: காலையில் ஒரு முறை மட்டும்தான் தொல்லை. பிடித்துவிட்டால் அன்று முழுக்க எத்தனை முறை அணைத்தாலும் உடனே ஸ்டார்ட் ஆகிறது. இது என்ன?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் அதிகப் பணம் வீணாகிறது.

ஹீட்டர் பிளக் தேய்ந்தாலும் இதே மாதிரி இருக்கும், டீசல் பைப்பில் காற்று இழுத்தாலும் இதே மாதிரி இருக்கும். இரண்டையும் பிரிக்கப் புகையைப் பாருங்கள். வெள்ளைப் புகை தள்ளிக்கொண்டே பிடிக்காமல் இருந்தால் பிளக். முதலில் புகையே வராமல், ரொம்ப நேரம் சுற்றிய பிறகு திடீரென்று பிடித்தால் காற்று. இரவில் ஏதோ ஒரு சின்ன ஓட்டை வழியாகக் காற்று நுழைந்து, லைனில் இருந்த டீசல் டாங்குக்கே திரும்பி இறங்கியிருக்கும்.

மலையில் இதற்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது, சமவெளிக்காரர்களுக்குக் கிடைக்காத வசதி. பிக்கப்பில் டாங்க் எஞ்சினுக்குப் பின்னால் இருக்கிறது. ஒரு இரவு வண்டியின் மூக்கு மேட்டைப் பார்க்க நிறுத்துங்கள், மறு இரவு மூக்கு பள்ளத்தைப் பார்க்க நிறுத்துங்கள். மூக்கு மேலே இருந்தால் டாங்க் இன்னும் தாழ்ந்து, டீசல் சுலபமாகப் பின்வாங்கும். மூக்கு கீழே இருந்தால் டாங்க் உயர்ந்து நிற்கும். முதல் காலை தொல்லை, இரண்டாம் காலை சுமுகம் என்றால் காற்றுதான், வேறு சோதனையே தேவையில்லை.

என் வண்டியில் இது வந்தபோது எனக்கு இந்தச் சோதனை தெரியாது. ஒரு பட்டறையில் பேட்டரி மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். அடுத்து நான்கு ஹீட்டர் பிளக், அதுவும் மாற்றினேன். டீசலைத் தெளிக்கும் நாசிலைக் கழற்றி லேபுக்கு அனுப்பலாம் என்று பேச்சு வந்தபோதுதான் ஒரு பழைய டிரைவர் அண்ணன் வந்து ஃபில்டருக்குப் போகும் ரப்பர் ஓஸை விரலால் வளைத்துக் காட்டினார். வளைவில் முடிபோல் வெடிப்பு. டீசல் வெளியே கசியாத அளவுக்குச் சின்னது, ஆனால் காற்று உள்ளே போகப் போதும். ஓஸும் இரண்டு கிளிப்பும் மாற்றினோம். அடுத்த காலை முதல் சுற்றிலேயே பிடித்தது.

அதனால் ஓஸ்களை வளைத்துப் பாருங்கள். கல் மாதிரி இறுகியிருந்தால் மாற்றுங்கள். ஃபில்டர் மாற்றியபோது பழைய வாஷரையே போட்டார்களா, கை பம்பின் அடியில் ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். சந்தேகம் தீராவிட்டால் ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் தாழ்வழுத்தம் உள்ள இடத்தில், டீசல் தாங்கக்கூடிய கண்ணாடிபோன்ற ஓஸை ஒரு நாளைக்கு மாட்டுங்கள். குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும்.

கேள்வி: காற்று எடுக்க நட்டைத் தளர்த்தலாமா?

பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டியில் ஃபில்டர் மேலுள்ள திருகைத் தளர்த்தி, குமிழி நிற்கும் வரை கை பம்பை அழுத்துங்கள். காமன் ரயில் வண்டியில் உயர் அழுத்தப் பைப்பின் நட்டைத் தொடவே கூடாது. ரயிலில் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம் ஏறும். அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனால் உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம் அது. விரலை வைத்துக் கசிவு தேடவும் கூடாது.

கேள்வி: ஊட்டிக் குளிரில் டீசல் உறையுமா? மண்ணெண்ணெய் கலக்கலாமா?

டீசலில் மெழுகு இருக்கிறது. குளிர்ந்தால் அது திரிந்து ஃபில்டர் தாளில் படியும். இந்திய டீசல் தரமான ஐ.எஸ். 1460, டீசல் ஓடாமல் நிற்கும் வெப்பநிலை குளிர்காலத்தில் 3 டிகிரியையும் கோடையில் 15 டிகிரியையும் தாண்டக்கூடாது என்கிறது. இது உச்ச வரம்பு. ஊட்டியில் டீசல் முழுக்க உறைந்து நின்ற வண்டியை நான் பார்த்ததில்லை. ஃபில்டர் பழசாகி, அதில் தண்ணீரும் சேர்ந்திருந்தால் உறைபனி இரவில் அடைப்பு வரும். அதைத்தான் பலர் டீசல் உறைந்துவிட்டது என்கிறார்கள். ஃபில்டரை நேரத்துக்கு மாற்றுங்கள், அடியிலுள்ள திருகைத் திறந்து மாதம் ஒரு முறை தண்ணீரை வடியுங்கள். இரவில் டாங்கை நிறைத்து வைத்தால் உள்ளே வியர்த்து நீர் சேர்வது குறையும்.

நிஜமாகவே டீசல் உறைகிற இடம் லடாக். அதற்காகத்தான் இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் மைனஸ் 33 டிகிரி வரை ஓடக்கூடிய குளிர்கால டீசலை அங்கே அறிமுகப்படுத்தியது. நீலகிரிக்கு அது தேவையில்லை.

மண்ணெண்ணெய் வேண்டாம். டீசல்தான் பம்புக்கும் நாசிலுக்கும் மசகு. மண்ணெண்ணெயில் அந்த வழவழப்பு இல்லை. பழைய பம்புகள் தாக்குப்பிடித்தன, காமன் ரயில் பம்ப் தாங்காது. ரேஷன் மண்ணெண்ணெயை வண்டிக்கு ஊற்றுவது சட்டப்படி குற்றமும்கூட.

கேள்வி: ஏர் கிளீனரில் டீசல் துணியைக் கொளுத்திக் காட்டுவது, ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிப்பது, இதெல்லாம் செய்யலாமா?

கூடாது. ஸ்ப்ரேயில் இருப்பது பெரும்பாலும் ஈதர். ஹீட்டர் பிளக் சிவந்திருக்கும்போது அது நேரம் தவறி வெடிக்கும். பிஸ்டன் உடையலாம், கனெக்டிங் ராட் வளையலாம். துணியைக் கொளுத்தினால் பேப்பர் ஃபில்டர் பிடித்து எரியும், சாம்பல் டர்போவுக்குள் போகும். கொதிக்கிற தண்ணீரைப் பம்பின் மேல் ஊற்றுவதும் வேண்டாம். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை டீசல் ஃபில்டர் மேல் சுற்றி வைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: இறக்கத்தில் நிறுத்தி, உருட்டி ஸ்டார்ட் செய்வதுதானே எங்கள் வழக்கம். தவறா?

லோடு ஏற்றிய வண்டியில் அது தவறு. தயவுசெய்து விட்டுவிடுங்கள். எஞ்சின் ஓடாதபோது பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் கிடைக்காது. மிச்சம் இருப்பதும் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்து, அதற்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங்கும் இறுகும். வண்டி பிடிக்கவில்லை என்றால் ஒன்றரை டன் கேரட்டோடு வளைவை நோக்கி உருண்டுகொண்டிருப்பீர்கள். காமன் ரயில் வண்டியில் பேட்டரி சுத்தமாக இறங்கியிருந்தால் உருட்டினாலும் கம்ப்யூட்டர் டீசல் விடாது.

கேள்வி: பக்கத்தில் லாரி நிற்கிறது. அதிலிருந்து ஒயர் போட்டு ஸ்டார்ட் செய்யலாமா?

பெரிய லாரிகள் 24 வோல்ட். பிக்கப் 12 வோல்ட். நேரடியாகக் கொடுத்தால் கம்ப்யூட்டர் போய்விடும். இன்னொரு பிக்கப்போ ஜீப்போ தேடுங்கள். சிவப்பு ஒயரை முதலில் இறங்கிய பேட்டரியின் பாசிட்டிவில், பிறகு நல்ல பேட்டரியின் பாசிட்டிவில் மாட்டுங்கள். கருப்பை நல்ல பேட்டரியின் நெகட்டிவில் மாட்டி, கடைசி முனையை நின்றுபோன வண்டியின் எஞ்சின் இரும்பில், பேட்டரியிலிருந்து தள்ளி மாட்டுங்கள். கடைசி இணைப்பில் பொறி பறக்கும், பேட்டரி மேல் நிற்கும் வாயு அருகில் அது பறக்கக்கூடாது.

கேள்வி: ஆயில் மாற்றினால் பலன் உண்டா?

உண்டு. 20டபிள்யூ-50 ஓட்டுகிறவர்கள் 15டபிள்யூ-40க்கு மாறினாலே செல்ஃப் சத்தத்தில் வித்தியாசம் தெரியும். டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் சிறிதானால் குளிரில் ஆயில் இலகுவாக ஓடும். வண்டியின் கையேடு அனுமதிக்கிற தரத்துக்குள் மாற்றுங்கள்.

கேள்வி: ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். அதனால் ஸ்டார்ட் ஆகாமல் போகுமா?

அதனால் போகாது. ஆனால் தண்ணீர் உறைந்தால் ஏறத்தாழ 9 சதவீதம் விரியும், ரேடியேட்டர் விரியத் தாங்காது. கூலண்ட் ஊற்றுங்கள்.

கேள்வி: பிடித்த பிறகு இரண்டு நிமிடம் உதறலும் வெள்ளைப் புகையும், அப்புறம் சரியாகிவிடுகிறது. விடலாமா?

உதறல் என்றால் ஒன்றிரண்டு சிலிண்டர் சூடாகும் வரை எரியவில்லை. பெரும்பாலும் அந்தச் சிலிண்டரின் ஹீட்டர் பிளக், இல்லையென்றால் சொட்டுகிற நாசில். உடனே நின்றுபோகாது, ஆனால் எரியாத டீசல் சுவரில் வழிந்து ஆயிலில் கலக்கும். தள்ளிப்போடாதீர்கள். எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், இனித்த வாடையோடு வந்து, கூலண்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைப் பார்க்க வேண்டும். நீலப் புகை ஆயில்.

கேள்வி: பிடித்ததும் நன்றாக ரேஸ் கொடுத்துச் சூடாக்கலாமா?

வேண்டாம். டர்போவுக்கு ஆயில் போய்ச் சேர அரை நிமிடம் கொடுங்கள். பிறகு மெதுவாக ஓட்டியே சூடாக்குங்கள். பி.எஸ்.6 (புதிய புகை விதிக்கு உட்பட்ட) வண்டியை நீண்ட நேரம் ஐடிலில் விட்டால் சைலன்சரிலுள்ள கரி வடிகட்டி அடைக்கும்.

கேள்வி: எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனாலும் குளிரில் மட்டும் பிடிக்கவில்லை. கடைசியாக என்ன மிச்சம்?

காமன் ரயில் வண்டியில் கூலண்ட் டெம்பரேச்சர் சென்சார். அது எஞ்சின் சூடாக இருக்கிறது என்று தப்பாகச் சொன்னால், கம்ப்யூட்டர் ஹீட்டர் பிளக்கைப் போடாது, கூடுதல் டீசலும் விடாது. ஸ்கேனர் மாட்டி, இரவெல்லாம் நின்ற வண்டியில் அது காட்டும் டிகிரியைப் பாருங்கள். வெளியே 2 டிகிரி இருக்கும்போது 40 காட்டினால் கோளாறு பிடிபட்டது. நாசில் ரிட்டர்ன் (நாசிலிலிருந்து டாங்குக்குத் திரும்பும் டீசல்) அதிகமாகக் கசிந்தாலும் ரயிலில் அழுத்தம் ஏறாது. ஆனால் அந்தக் கோளாறு பெரும்பாலும் சூட்டில்தான் அதிகம் தெரியும், ஏனென்றால் சூடான டீசல் இளகி இன்னும் கசியும்.

அதற்கும் அப்பால் காம்ப்ரஷன். ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபு என்று வருகிறதா, ஆயில் செலவாகிறதா என்று பாருங்கள். கேஜ் வைத்துப் பார்க்கும்போது ஒன்றை மறக்க வேண்டாம். ஊட்டியில் காற்றே குறைவு என்பதால், அதே எஞ்சின் மேட்டுப்பாளையத்தில் காட்டுவதைவிட ஊட்டியில் கேஜ் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைத்துத்தான் காட்டும். கையேட்டில் உள்ள எண்ணோடு அப்படியே ஒப்பிட்டு எஞ்சினைப் பிரிக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று நெருங்கி இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று மட்டும் வெகுவாக இறங்கியிருந்தால், வண்டியை ஒரு முறை கீழே கொண்டுபோய் அங்கேயும் அளந்துவிட்டு எஞ்சின் வேலைக்கு விடுங்கள்.